எம்35ஏ2 ராணுவ லாரி: ஏலத்தில் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரியை வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் பிரேக்கை முழுசாகப் பிரித்துப் பார்க்கும் வரை ரோட்டில் ஏற்றாதீர்கள். இந்த வண்டியில் மின்சாரக் கோளாறும் டீசல் கோளாறும் பெரும்பாலும் ஒரு மதியப்பொழுதில் தீர்ந்துவிடும். உயிருக்கு மிக ஆபத்தானது பிரேக்தான்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: ரியோ நிறுவனம் 1949-50 வாக்கில் வடிவமைத்த இரண்டரை டன் லாரி. மூன்று அச்சு, பத்து டயர், ஆறு முனையிலும் இழுவை. ஏ2 ரகத்தில் கான்டினென்டல் வடிவமைத்த 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர் பல எரிபொருள் எஞ்சின். அதன் எரிப்பு முறை ஜெர்மனியின் மேன் நிறுவனத்திடம் உரிமம் வாங்கியது. (நம் ராணுவத்தின் பழைய சக்திமானும் மேன் உரிமத்தில் ஜபல்பூரில் செய்ததுதான்.) பவர் ஸ்டியரிங் கிடையாது. மணிக்கு 90 கி.மீ. தொட்டால் அதுவே அதிகம். வேகம் வேண்டுமென்றால் இந்த வண்டி உங்களுக்கில்லை.

முதலில் மின்சாரம். 24 வோல்ட் வண்டி. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். சாவி கிடையாது. டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் நெம்புகோல், ஒரு ஸ்டார்ட் பட்டன், எஞ்சினை நிறுத்த இழுக்கும் கேபிள். அவ்வளவுதான். 'செல்ஃப் எடுக்கவில்லை' என்று விலை குறைத்து வரும் வண்டியில் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரிகள் முழுசாக ஏறியிருந்தால் இரண்டும் சேர்ந்து 25.2 வோல்ட் காட்டும். பிறகு ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மற்றதை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய வெறும் இரும்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான். சேஸி சட்டத்தில் எர்த் வயர் உட்காரும் இடத்தில் பெயின்ட்டும் துருவும் சேர்ந்து ஓடு மாதிரி இருக்கும். உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, நட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் பல வண்டிகள் அங்கேயே சுற்ற ஆரம்பித்துவிடும்.

அதற்கும் அசையாவிட்டால் 14 என்று எண் பொறித்த வயரைத் தேடுங்கள். பட்டன் பக்கத்திலிருந்து சொலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாரை இயக்கும் மின்காந்த சுவிட்சுக்கு) போகும் வயர் அதுதான். இந்த லாரியில் மனதைக் கவரும் விஷயமே இதுதான்: ஒவ்வொரு வயரின் நுனியிலும் சின்ன உலோக வளையம், அதில் எண். எண்ணெய்ப் பிரஷர் மீட்டருக்கு 36, வெப்ப மீட்டருக்கு 33. ஐம்பது வருஷம் கழித்தும் அழுக்கைத் துடைத்தால் படிக்க முடிகிறது. இவ்வளவு அக்கறையோடு வயரிங் செய்த லாரி அபூர்வம்.

முந்தைய உரிமையாளர் ரேடியோவுக்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுத்திருந்தால் உடனே அறுத்து எறியுங்கள். அந்த பேட்டரி எப்போதும் பசித்தே கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகிக் கொதிக்கும். இரண்டும் சீக்கிரமே போய்விடும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வர்ட்டர் போடுவதுதான் சரி. ஓடும்போது ஆல்டர்னேட்டர் சுமார் 28 வோல்ட் தர வேண்டும்.

டீசல் பக்கம் வந்தால், டேங்குக்குள்ளேயே மின்பம்ப் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் டேங்க் மூடியருகே காது வைத்தால் முனகல் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்ப் அல்லது அதன் வயர். சத்தம் வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் ஏர் லாக்: சுவிட்ச் போட்ட நிலையில் ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும் வரை விட்டு மூடுங்கள். ஃபில்டர் அடியிலுள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவதை தினப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பல வருஷம் நின்ற வண்டியில் இன்ஜெக்ஷன் பம்பைச் சந்தேகப்படுங்கள். டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்லீவ் பழைய டீசலின் பிசினில் ஒட்டிக்கொண்டால், ஸ்டார்ட் ஆன மறுநொடி எஞ்சின் தறிகெட்டு ஏறும். நிறுத்தும் கேபிளை இழுத்தாலும் கேட்காது. பம்பின் பக்கவாட்டுச் சிறுமூடியைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை அசைக்கும்போது ஸ்லீவும் நகர்கிறதா என்று பாருங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது காற்று உறிஞ்சும் வாயை அடைக்க ஒரு தடித்த பலகையோடு ஆள் நிற்கட்டும். கையால் அடைக்கப் பார்க்கக்கூடாது. பல எரிபொருள் எஞ்சின் என்பதற்காகத் தனிப் பெட்ரோல் ஊற்றாதீர்கள். அதில் வழுவழுப்பு இல்லை, பம்ப் தேய்ந்துவிடும்.

இனி பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, லைன் ஒன்று. பத்து டயருக்கும் அதுதான். ஏதோ ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போகும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டயர் உள்சுவரில் ஈரக் கறை இருந்தால் அந்த சிலிண்டரை மாற்றியே ஆக வேண்டும். வெளியே எங்கும் ஒழுகாமல் ஆயில் மட்டும் குறைகிறது என்றால், காற்றழுத்தத்தால் பிரேக்குக்குப் பலம் கூட்டும் 'ஏர்-பாக்' (Air-Pak) பூஸ்டர் உள்ளுக்குள் விழுங்குகிறது என்று அர்த்தம். காற்று முழுசாக ஏறியபின் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். வெளியே கசிவே இல்லாமல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைப் பிரியுங்கள்.

ஆயில் ஊற்றுமுன் ஒரு சோதனை. ராணுவம் பின்னாளில் சிலிக்கான் வகையான டாட் 5 பிரேக் ஆயிலுக்கு மாறியது. விற்ற பிறகு யாராவது சாதாரண வகையான டாட் 3 கலந்திருக்கலாம். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பழைய ஆயிலை எடுத்து, சில சொட்டு தண்ணீர் விடுங்கள். தண்ணீர் முத்து முத்தாக அடியில் இறங்கிப் பிரிந்து நின்றால் சிலிக்கான். கரைந்து கலந்தால் சாதாரண வகை. பாதி கலங்கி, பாதி பிரிந்து நின்றால் கலப்படம். லைன் முழுவதையும் கழுவி, ரப்பர்களை மாற்றி, ஒரே வகையை ஊற்றுங்கள்.

கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கும்போது அதை மட்டும் நம்பாதீர்கள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே தூக்குங்கள். இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு மரை எதிர்த்திசை. வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகி ஸ்டட் முறியும்.