ஓடையில் தடுப்பணையா, உறை கிணறா?

வறண்டு கிடந்த வேலூர் நாகநதியின் மீட்பில், நூறுநாள் வேலைப் பெண்களும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து இறக்கிய உறை கிணறுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இவை நீர் இறைக்க அல்ல, ஓடை நீரை நிலத்தடிக்கு இறக்க.

தடுப்பணை கண்ணுக்குத் தெரியும், பஞ்சாயத்துக்குப் பெருமை. ஆனால் தேங்கிய நீரில் ஒரு பங்கை வெயில் குடிக்கும், வண்டல் படிந்தால் மிச்சமும் நிலத்துக்குள் இறங்காது. கூலிக்குக் குறைந்தது 60, பொருளுக்கு மிஞ்சினால் 40 சதவீதம் என்ற நூறுநாள் வேலை விதியும் கான்கிரீட் வேலையில் இடிக்கும்.

உறை கிணற்றுக்குக் களிமண்ணைத் தாண்டி மணலோ சிதைந்த பாறையோ வரும்வரை தோண்டி, சிமெண்டு உறைகளை இடுக்கு பூசாமல் அடுக்க வேண்டும். பூசினால் பக்கவாட்டில் நீர் கசியாது. அடியில் கருங்கல், அதன்மேல் ஜல்லி. ஓடையின் மேல்புறம் கல்தடுப்பு இல்லாவிட்டால் முதல் வெள்ளத்திலேயே சேறு அடைத்துவிடும். தோல் பதனிடும் ஆலைக் கழிவு கலக்கும் ஓடையில் தோண்டவே கூடாது. அழுக்கு நேராக நிலத்தடிக்குப் போகும்.

கைக்கெட்டும் ஆழத்தில் திடப்பாறை தட்டும் மலையடியில் தடுப்பணையே சரி. ஆடுமாடாவது குடிக்கும்.