நீல விளக்கும் கொசு பேட்டும்: மூன்று வருட அனுபவம்

கொசுவுக்கென்று வாங்கிய நீல விளக்கு எங்கள் ஹாலில் தொங்கி மூன்று வருடம் ஆகிறது. வந்த புதிதில் வீட்டில் எல்லோருக்கும் அதன் மேல் அபார நம்பிக்கை. 'பட்'டென்று சத்தம் வரும்போதெல்லாம் அம்மா விரல் விட்டு எண்ணுவார். எண்ணிக்கை ஏறியதே தவிர, கடி குறையவில்லை.

சந்தேகம் வந்து ஒருநாள் அடித்தட்டைக் கழற்றி வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். விட்டில் இறக்கைகள், ஈசல், குட்டிக் குட்டி வண்டுகள், பெயர் தெரியாத பச்சைப் பூச்சிகள். கொசு என்று அடித்துச் சொல்ல ஐந்தாறுதான் தேறின. அதிலும் இரண்டுக்கு உணர்கொம்பு பஞ்சு மாதிரி அடர்ந்திருந்தது. அது ஆண் கொசு, கடிக்கவே கடிக்காது.

பிறகு தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. பெண் கொசு நம்மைத் தேடி வருவது மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடையும், வியர்வை வாடையையும், உடம்புச் சூட்டையும் வைத்து. இந்த விளக்கிலிருந்து வரும் புற ஊதா ஒளிக்கு மயங்கி ஓடுவது பெரும்பாலும் விட்டிலும் வண்டும்தான். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வீட்டுத் தோட்டங்களில் இந்த விளக்குகளை வைத்து, செத்த பூச்சிகளை எண்ணி 1996-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 13,789 பூச்சிகளில் கடிப்பவை வெறும் 31. என் வெள்ளைத் தாள் கணக்கும் ஏறக்குறைய அதே கதைதான்.

விளக்கை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஆளில்லாத அறையில், மற்ற விளக்கை அணைத்துவிட்டு சாயங்காலம் எரியவிட்டால் கொஞ்சம் கூடுதலாக மாட்டுகிறது. நாம் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தால் போச்சு, கொசுவுக்கு நாம்தான் விருந்து. பராமரிப்பும் உண்டு. கம்பியில் பூச்சி ஒட்டிக் கருகினால் நாற்றம் தாங்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ் போட வேண்டும். பூச்சி வெடிக்கும்போது துணுக்குகள் தெறிக்கும் என்பதால் சாப்பாட்டு மேஜைப் பக்கம் வேண்டவே வேண்டாம். ட்யூப் பழசானால் பார்க்க நீலமாகத்தான் எரியும், புற ஊதா மட்டும் குறைந்திருக்கும்.

பேட் வேறு ரகம். அது கொசுவை அழைப்பதில்லை, நாம்தான் தேடிப் போக வேண்டும். மேஜைக்கு அடியில், கொடியில் தொங்கும் கறுப்புத் துணிக்குப் பின்னால், கொசுவலைக்குள் தப்பித் தவறி நுழைந்தது ஒன்றிரண்டு. இதற்கெல்லாம் பேட்டை அடிக்க ஆளில்லை. முதல் பேட் ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்தே பேட்டரி செத்தது. சுவிட்சை விட்ட பிறகும் வலையில் சற்று நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்; நான் ஒருமுறை விரல் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உண்மையில் கொசு குறைந்தது வேறொரு இடத்தில் கை வைத்தபோது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டை இழுத்துப் பார்த்தால், உள்ளே புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அதிலிருந்து வாரம் ஒருமுறை அந்தத் தட்டு, பூந்தொட்டித் தட்டு, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்க்கிறோம். ஜன்னலுக்கு வலை அடித்தோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. ராத்திரி விளக்கை நம்பி அதைச் சமாளிக்க முடியாது. படுக்கையில் ஃபேன் வேகமாகச் சுற்றினால் பறக்கத் திணறுகிறது, அதுவும் ஒரு உதவி.

விளக்கை இப்போது வாசல் பக்கம் மாற்றிவிட்டோம், மழைக்காலத்து ஈசலுக்காக. ட்யூப் போனால் புதுசு போடப் போவதில்லை. பேட் போனால் அன்றைக்கே அடுத்தது வாங்கிவிடுவேன்.