காரோடு வந்த நேவிகேஷனும் பழசாகிப்போன மேப்பும்

கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "டாப் வேரியண்ட்ல நேவிகேஷன் கம்பெனியிலேயே போட்டு வருது. அதுக்காக மேல காசு போடலாமா?" 2019-இல் நானும் அப்படி ஒரு டாப் வேரியண்ட்தான் எடுத்தேன். சென்னைக்குள் தினசரி ஓட்டம், சொந்த ஊரான கும்பகோணத்துக்கு அடிக்கடி, அவ்வப்போது மதுரை, லீவு கிடைத்தால் மலைப்பக்கம். இத்தனை வருடத்தில் அந்த நேவிகேஷன் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பது நன்றாகவே தெரிந்துவிட்டது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். மேப்பை வண்டிக்குள்ளேயே சேமித்து வைத்து ஓடும் எந்தக் காருக்கும் நான் சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிஜமாகவே இருக்கிறது. கொல்லிமலை ஏறியவர்களுக்குத் தெரியும், காரவள்ளி அடிவாரம் தாண்டினால் வரிசையாக 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் போனில் சிக்னல் போய்விடும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திரையில் அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று இது மட்டும் அசராமல் காட்டிக்கொண்டே வந்தது. செயற்கைக்கோள் சிக்னல் மங்கினாலும் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதை சென்சார்கள் வழியாகக் கணக்குப் போட்டு, இருக்கும் இடத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும். போன் மாதிரி வெயிலில் சூடாகி அணைவதும் கிடையாது. மலைச்சாலை வருடத்துக்கு வருடம் இடம் மாறுவதில்லை என்பதால், அங்கே பழைய மேப்பும் புது மேப்பும் ஒன்றுதான். கருவியாக இதில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை அதற்குள் இருக்கும் தரவில்தான்.

விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையில் ஓட்டியவர்களுக்கு அந்தப் பழைய பாதை மறக்காது. பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு என்று ஊர் ஊராக நுழைந்து, கடைசியில் அணைக்கரையில் கொள்ளிடத்தின் மேல் அந்தக் குறுகல் பாலத்தில் எதிர் வண்டிக்குக் காத்து நின்று போக வேண்டும். சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம் வரை சுமார் 50 கி.மீ. நான்குவழிச் சாலை 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. 2,350 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, மூன்று புறவழிச் சாலைகள், கொள்ளிடத்தின் மேல் ஒரு கி.மீ. நீளத்துக்கு நான்குவழிப் பாலம். எங்கள் பக்கத்து ஆட்கள் வருடக்கணக்காகக் காத்திருந்த சாலை.

அதில் முதல்முறை போனபோது என் வண்டித் திரையில் தெரிந்ததைச் சொல்கிறேன். பச்சை நிறத்தில் வெற்று நிலம், அதன் நடுவே என் வண்டியைக் குறிக்கும் அம்புக்குறி. சாலைப் பெயர் வரும் கீழ்ப்பட்டை காலி. சேர வேண்டிய நேரம் நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போகிறது. முடிந்தால் யூ டர்ன் எடு என்று ஆங்கிலத்தில் விடாமல் சொல்கிறது. புதுச் சாலை பழைய சாலையை ஒட்டிப் போகும் இடங்களில் அம்புக்குறி திடீரெனத் தாவிப் பழைய சாலையில் உட்கார்ந்துகொண்டு, "இடப்பக்கம் திரும்பு" என்கிறது. அங்கே இடப்பக்கம் வயல்தான் இருக்கிறது. வண்டி எந்தச் சாலையில் இருக்கிறது என்பதை, அருகில் தனக்குத் தெரிந்த சாலை எது என்று பார்த்துத்தான் இந்தக் கருவி முடிவு செய்யும். தெரியாத சாலை அதற்கு இல்லாத சாலை. பாலத்தில் ஏறியதும் நீல நிறக் கொள்ளிடத்துக்கு நடுவில் அம்புக்குறி மட்டும் நகர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா திரையைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, ஆத்துக்குள்ள போறோம்னு காட்டுது?" என்றார்.

பகலில், தெரிந்த ஊரில், இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் இதே மேப்பை நம்பித்தான் வண்டி வேக வரம்பையும் காட்டுகிறது. புது நான்குவழிச் சாலையில் பக்கத்துக் கிராமச் சாலையின் வரம்பை எடுத்துக்கொண்டு ஓயாமல் எச்சரிக்கை மணி அடிக்கிறது. சென்னைக்குள் நிலைமை தலைகீழ். 2023 நவம்பரில் மாநகரப் போக்குவரத்துக் காவல்துறை கார்களுக்கு 60, குடியிருப்புப் பகுதிகளில் 30 என்று வரம்பை மாற்றியது. என் வண்டிக்கு அது தெரியாது. தெருவுக்குள் வேகமாகப் போனாலும் பேசாமல் இருக்கும். தேவையில்லாத இடத்தில் அடித்து, தேவையான இடத்தில் அடிக்காத மணியைக் கொஞ்ச நாளில் காது கேட்காமல் விட்டுவிடும். எனக்கு இதுதான் வழி தவறுவதைவிடப் பெரிய கவலை.

மதுரையில் இன்னொரு விதம். நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 7.3 கி.மீ. நீளம், 2023 ஏப்ரலில் திறந்தது. மேலே போகும்போது கீழே இருக்கும் பழைய சாலையில் போவதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் திரும்பச் சொல்லும். பாலத்தின் மேல் எங்கே திரும்புவது? ஊருக்குப் புதியவர் ஒருவர் அந்தக் குரலைக் கேட்டு வேகத்தைக் குறைத்தாலே பின்னால் வருகிறவருக்கு ஆபத்து.

அப்புறம் கிளாம்பாக்கம். தென் மாவட்டப் பேருந்துகளுக்கான புது முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. சித்தப்பாவை ஊருக்கு பஸ் ஏற்றிவிடப் போனபோது, பேருந்து நிலையம் என்று தேடினால் வண்டி கோயம்பேட்டைத்தான் காட்டியது. நான் வண்டலூர் பக்கம் திருப்பியதும் திரும்பிப் போ, திரும்பிப் போ என்று அடம். சித்தப்பா, "ஏன்டா தம்பி, பஸ் ஸ்டாண்டு மாறி இவ்ளோ நாளாச்சு, இதுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகக் கேட்டாலும் அதுதான் சரியான கேள்வி. யாரும் சொல்லவில்லை, சொல்வதற்கு வழியும் இல்லை.

போன் மேப்புக்கு நாமே சொல்கிறோம். சாலையே இல்லை என்று அது நினைக்கும் இடத்தில் ஆயிரக்கணக்கான போன்கள் வேகமாக நகர்ந்தால், அங்கே சாலை வந்துவிட்டது என்று அதற்குப் புரியும். தப்பு இருந்தால் நாமும் தட்டி அனுப்பலாம். இணையத்துக்கென்று தனி சிம் இல்லாத காரில் இருக்கும் மேப் அப்படியல்ல. சாலைகளை அளந்து தரவு சேர்ப்பது ஒரு நிறுவனம். அதை வண்டியின் கருவி படிக்கும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். கார் கம்பெனி தன் ஒவ்வொரு மாடலிலும் சோதித்துப் பார்க்க வேண்டும். பிறகுதான் வெளியீடு, அதற்கும் பிறகு சர்வீஸ் சென்டர். ஒவ்வொரு படியிலும் மாதங்கள் போகும். ஆகவே மேப் வெர்ஷனில் எழுதியிருக்கும் வருடம் வெளியிட்ட வருடம்தான், உள்ளே இருக்கும் சாலைகளின் வருடம் அல்ல.

இதை நான் தெரிந்துகொண்டது என் வண்டியின் அப்டேட்டில். இலவசமாகத் தருவதாகச் சொன்ன மூன்று வருடம் 2022-இல் முடிந்தது. 2024-இல் காசு கட்டி ஒன்று வாங்கினேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் பல ஜிபி டவுன்லோட், அதைப் பென்டிரைவில் ஏற்றி, வண்டியில் செருகி, இன்ஜினை ஓட விட்டபடி திரையில் சதவீதம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. முடிந்ததும் ஒவ்வொரு சாலையாகத் தேடிப் பார்த்தேன். சென்னை வெளிவட்டச் சாலையில் நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் வரையிலான பகுதி இருந்தது. அது 2021-இல் திறந்தது. மதுரைப் பாலம் இல்லை. கிளாம்பாக்கம் முனையம் இல்லை. அதாவது 2024-இல் நான் காசு கொடுத்து வாங்கியது 2023 ஏப்ரலுக்கு முந்தைய தமிழ்நாடு.

இந்த முறையை எல்லோருமே பயன்படுத்தலாம் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் போகும்போதோ பழைய கார் பார்க்கப் போகும்போதோ, செட்டிங்ஸில் இருக்கும் வெர்ஷன் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். திறந்த தேதி நமக்குத் தெரிந்த சாலைகளைத் திரையில் தேடுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கிளாம்பாக்கம் நல்ல அடையாளம். திருச்சிப் பக்கம் என்றால் திருச்சி–கல்லகம் நான்குவழி, அதை 2024 ஜனவரியில் தொடங்கி வைத்தார்கள். கோவையில் அவினாசி சாலை மேம்பாலம், 10.1 கி.மீ., 2025 அக்டோபரில் திறந்தது. டெல்டாக்காரர்களுக்குச் சேத்தியாத்தோப்பு–சோழபுரம். எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தால் மேப்பின் உண்மையான வயது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். விற்பனையாளர் "லேட்டஸ்ட் சார்" என்று சொன்னால் அவர் முன்னாலேயே தேடிக் காட்டுங்கள். அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, பாவம்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். மேப் மெமரி கார்டில் வருகிற வண்டி என்றால் அந்த கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் அது அந்த வண்டியோடு பூட்டப்பட்டிருக்கும், நகல் எடுத்துப் போட்டால் ஓடாது. இரண்டாவது, அப்டேட் உரிமை முதல் உரிமையாளரின் கணக்கில் இருந்தால் அது உங்களுக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

போனையே திரையில் இணைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் சென்னைக்குள் ஆண்ட்ராய்டு ஆட்டோதான். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக ஆற்காடு சாலைப் பக்கமெல்லாம் பாதையை மாற்றிக்கொண்டே இருக்கும் காலத்தில், காரோடு வந்த மேப்பை நம்பி நகருக்குள் போவது வீண்வேலை. ஆனால் போன் மேப்பும் எல்லாம் அறிந்ததல்ல. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ராம்கங்கா ஆற்றின் மேல், வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்தில் ஏறிய கார் கீழே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலம் துண்டாகிக் கிடந்தது அவர்கள் பின்பற்றிய மேப்பில் இல்லை என்றுதான் செய்திகள் சொன்னன. அங்கே தடுப்பு வைக்காதது முதல் குற்றம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் திறந்த சாலையைச் சேர்ப்பதைவிட அறுந்த சாலையை நீக்குவது அவசரம் என்பதை மேப் செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் மனதில் வைக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பென்டிரைவில் வரும் மேப்பால் அது முடியவே முடியாது.

அதனால் என் பழக்கம் இப்போது இப்படி. நகருக்குள்ளும் புதுச் சாலைகளிலும் போன். இரவில் தெரியாத கிராமச் சாலை என்றால் எந்த மேப்பையும் முழுக்க நம்பாமல், டீக்கடையில் நிறுத்தி "அண்ணே, பாலம் திறந்திருக்கா?" என்று ஒரு வார்த்தை. மலைக்குப் போனால், சிக்னல் இல்லாத காட்டுச் சாலைக்குப் போனால், காரோடு வந்ததுதான். அங்கே அதை மிஞ்ச ஆள் இல்லை.

காசு போடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: சிம் வழியாகத் தானே புதுப்பித்துக்கொள்ளும் மேப், எத்தனை வருடத்துக்கு இலவசம் என்பது பில்லிலோ வாரண்டி புத்தகத்திலோ இருக்கிறது என்றால் போடலாம். பென்டிரைவ், மெமரி கார்டு வகை என்றால் அதற்காக மட்டும் மேல் வேரியண்ட்டுக்குப் போகாதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல டயரோ கூடுதல் ஏர்பேகோ வருகிற வேரியண்ட் இருந்தால் அது மேல்.

கார் கம்பெனிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் தயாரிப்புத் தேதி போடுகிறார்களே, அதுபோல மேப்பில் உள்ள சாலைகள் எந்த மாதம் வரை சேகரித்தவை என்று திரையிலேயே போடுங்கள். எத்தனை வருடம் அப்டேட் தருவீர்கள் என்பதை விளம்பரப் புத்தகத்தில் மைலேஜுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். வேக வரம்புத் தரவு பழசாகிவிட்டால் அந்த மணியை அணைத்துவிடும் வசதியாவது கொடுங்கள்.

போன வாரம் சர்வீஸுக்கு விட்டபோது, புது மேப் வந்திருக்கிறது, போட்டுவிடலாமா என்று அட்வைசர் கேட்டார். சேத்தியாத்தோப்பு–சோழபுரம் சாலை அதில் இருக்கிறதா என்று கேட்டேன். மேலே விசாரித்துச் சொல்வதாக ஜாப் கார்டில் எழுதிக்கொண்டார். இன்னும் பதில் வரவில்லை. இருக்கிறது என்று சொன்னால் கட்டுவேன், இல்லையென்றால் கட்ட மாட்டேன்.