கூத்து ராத்திரியில் கேமரா: அப்பர்ச்சரைத் திறப்பதா, ஷட்டரை மெதுவாக்குவதா?

திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து, இரவு பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். ஃபிளாஷ் அடித்தால் ஆடுபவருக்குக் கண் கூசும், முன்வரிசைப் பாட்டிகள் திட்டுவார்கள். பாய் விரித்துக் கூட்டம் உட்கார்ந்திருக்கும் தரையில் டிரைபாட் நிறுத்தவும் வழியில்லை. கையில் பிடித்துத்தான் எடுத்தாக வேண்டும். பெரும்பாலானவர்கள் பையில் இரண்டு லென்ஸ் இருக்கும்: கேமராவோடு வந்த 18-55 எம்எம் ஜூம் (கிட் லென்ஸ்), தனியாக வாங்கிய 50 எம்எம் எஃப் 1.8. எஃப் எண் என்பது வெளிச்சம் நுழையும் துவாரமான அப்பர்ச்சரின் அளவு; எண் சிறிதானால் துவாரம் பெரிது. எதை மாட்டுவது?

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 18-55ஐ 50 பக்கம் கொண்டுபோனால் அப்பர்ச்சர் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். 1.8க்கும் அதற்கும் மூன்று ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி). அதே ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளி உணர்திறன்; கூட்டினால் படத்தில் புள்ளிகள் கூடும்), 1.8இல் ஷட்டர் 1/125 நொடி கிடைக்கிற வெளிச்சத்தில் 5.6இல் 1/13தான் கிடைக்கும். ஏபிஎஸ்-சி கேமராவில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ளது) 50 எம்எம்முக்குக் கை நடுக்கம் தெரியாமலிருக்கக் குறைந்தது 1/80 வேண்டும் என்பது பழைய விதி. “அதற்குத்தான் லென்ஸில் நடுக்கம் அடக்கும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே” என்பார்கள் கிட் லென்ஸ் கட்சிக்காரர்கள். உண்மைதான், மூன்று நான்கு ஸ்டாப் வரை காப்பாற்றும். ஆனால் அது அடக்குவது நம் கையை மட்டும்தான், ஆடுகிற துரியோதனனை அல்ல.

கிட் லென்ஸ் ஜெயிக்கும் இடமும் உண்டு. வேடக்காரர் அரங்கில் நுழையும் முன் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், அவர் அதன் பின்னால் நின்று பாடுவார். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும். பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நடக்கும் காட்சி. 18 எம்எம்மில் எஃப் 3.5, 1/20 வைத்தால் திரை, அதைப் பிடித்திருப்பவர்கள், ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். அந்த இடத்தில் 50ஐ வைத்துக்கொண்டு பின்னால் நகர முயன்றால் யாராவது ஒருவர் மடியில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

திரை விலகியதும் கதை மாறிவிடும். சுழன்று ஆடும்போது பாவாடை விரிவது 1/13இல் வெறும் வண்ணக் கலங்கல். அதையே அழகு என்று சொல்பவர்கள் உண்டு. முகம் அசையாமல் பதிந்திருந்தால் நானும் ஒத்துக்கொள்வேன், ஆனால் முகமும் சேர்ந்துதான் கலையும். ஆட்டத்துக்கு 1/250க்குக் கீழே இறங்க எனக்கு மனசு வராது. அந்த வேகத்துக்கு 1.8இல் ஐஎஸ்ஓ 1600 போதும் என்றால், 5.6இல் 12,800ஐயும் தாண்ட வேண்டும். ஆட்டத்தைப் பொறுத்தவரை போட்டி இங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் 1.8ஐ முழுசாகத் திறந்து வைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஏபிஎஸ்-சியில் இரண்டு மீட்டர் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 12 சென்டிமீட்டர்தான். ஒன்றரை மீட்டரில் அது ஆறரை. வேடம் கட்டும் அறையில் இது நன்றாகத் தெரியும். கைக்கண்ணாடி பார்த்துப் புருவம் தீட்டுகிறவரைப் பக்கத்தில் போய் எடுத்தால் கண் கூர்மையாக இருக்கும், காது கரைந்திருக்கும், கன்னத்து அரிதாரக் கோலம் பாதியிலேயே மங்கிப்போகும். அந்தக் கோலத்துக்காகத்தானே போனோம்? கோடு வளையாமல் இருக்க அவரே ஆடாமல் உட்கார்ந்திருப்பார். அதனால் எஃப் 2.8, 1/80. ஐஎஸ்ஓ 3200க்குப் போனாலும் பரவாயில்லை, புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். அசைந்துபோன படத்தை அப்படி மீட்க முடியாது.

என் தேர்வு 50தான். அரங்கில் எஃப் 2, 1/250. அறையில் எஃப் 2.8, 1/80. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு 6400இல் உச்சவரம்பு போட்டுவிடுவேன். திரைக் காட்சிக்கு மட்டும் 18-55.

அப்புறம் ஒன்று. இப்போது பல ஊர்களில் கூத்து மேடைக்கு எல்இடி ஃபோகஸ் விளக்குதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். 1/250 வைத்தால் படத்தில் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழலாம். முதல் சில படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை தெரிந்தால் 1/100க்கு இறங்கி, ஆட்டக்காரர் சுற்றி முடித்து அடவு நிறுத்தும் நொடிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கேமராவில் இந்த மினுக்கலை (ஃபிளிக்கர்) குறைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு 1/250இலேயே தொடரலாம்.