காதுகுத்துக்கு எந்த ஃப்ளாஷ்?

யாங்கோனில் கரண்ட் முகூர்த்தம் பார்த்துப் போவதில்லை. அண்ணன் மகளுக்குக் காது குத்தப் போகும் நேரமாகப் பார்த்துப் போய்விட்டது. மிச்சம் குத்துவிளக்கு வெளிச்சம்தான். தாய்மாமன் மடியில் பிள்ளை திமிறுகிறாள், கன்னத்தில் தனாக்கா (மரப்பட்டையை அரைத்துப் பூசும் பர்மியச் சாந்து) பூச்சு, ஆசாரி கையில் ஊசி. போன் கேமராவுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வைக்க முடியாது. வீட்டில் இருந்த போன்களை எல்லாம் எடுத்தோம்.

முதலில் ஃப்ளாஷே இல்லாமல், நைட் மோடில். 2018-இல் கூகுள் பிக்சலில் ‘நைட் சைட்’ வந்த பிறகு, இனி ஃப்ளாஷ் எதற்கு என்று பலரும் கேட்டார்கள். அது அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்கும். அசையாத பொருளுக்கு அருமை. எங்கள் படத்தில் விளக்கும் தாம்பாளமும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. பிள்ளையின் தலை இருந்த இடத்தில் மட்டும் ஒரு புகை!

அடுத்தது சாதாரண ஒற்றை எல்.இ.டி. முகம் தெரிந்தது, ஆனால் தனாக்காவின் இளமஞ்சள் செத்து, சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆகிவிட்டது. இதற்குத்தான் 2013-இல் ஐபோன் 5எஸ் வெள்ளை எல்.இ.டி.யோடு மஞ்சள் சாயல் கொண்ட ஒன்றையும் சேர்த்தது. சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்ப இரண்டையும் கலக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலவைகள் என்றார்கள். விளக்கொளியில் நம் தோல் நிறம் தப்பியது இதனால்தான்.

மச்சானின் ஐபோன் 14 ப்ரோ 2022-இல் வந்தது. அதில் ஒன்பது எல்.இ.டி.க்கள். ஜூம் எவ்வளவோ அதற்கேற்ப ஒளி பரவும் விதம் மாறும். பழையதைவிட இரண்டு மடங்கு வரை பிரகாசம் என்கிறது ஆப்பிள். சரி, ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். அதாவது இரண்டு மடங்குப் பிரகாசம் இருந்தும், முன்பு இரண்டு மீட்டர் எட்டியது மூன்று மீட்டரைக்கூடத் தொடாது. பந்தலின் அந்தக் கோடியில் நிற்கும் பெரியம்மா இருட்டில்தான் நிற்பார். கிட்டத்தில் எடுத்தால் முகமும் பின்னால் இருந்தவர்களும் ஒரே சீராக விழுந்தார்கள்.

கடைசியாக என் அலமாரிக் கிழவன், 2012-ஆம் ஆண்டு நோக்கியா 808. அதில் இருப்பது செனான் ஃப்ளாஷ். கண்ணாடிக் குழாய்க்குள் வாயு ஒரு கணம் மின்னி அணையும். ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம்தான். எல்.இ.டி.யால் அந்த வலுவில் வெடிக்க முடியாது, நேரத்தை நீட்டி ஈடுகட்டும். அதற்குள் பிள்ளை தலையைத் திருப்பிவிடுவாள். செனான் படத்தில் கன்னத்தில் உருண்ட கண்ணீர்த் துளி அப்படியே நின்றது. இப்படிப்பட்டதை ஏன் ஒழித்தார்கள்? சில நூறு வோல்ட் ஏற்ற, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு மின்தேக்கி வேண்டும், போன் தடிக்கும், ஒரு தடவை அடித்தால் மறுபடி ஏறும் வரை காத்திருக்க வேண்டும். செனான் விளக்கு டார்ச்சாகவும் எரியாது. அப்புறம், லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் ஐந்து மாடி ஏற நமக்கு டார்ச் வேண்டாமா?

இன்றைக்குக் காசு கொடுத்து வாங்குவதானால் ஒன்பது எல்.இ.டி.க்குத்தான் என் ஓட்டு. நைட் மோடை அணைத்துவிட்டு, ஆசாரிக்கு இடைஞ்சல் இல்லாமல் இரண்டு எட்டு தள்ளி நின்றால் போதும். கோயில் தீமிதிக்கு மட்டும் எந்த ஃப்ளாஷும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் தணலின் சிவப்பு சாம்பலாகத்தான் தெரியும்.