செல் ஆய்வுப் பெட்டி: நுண்ணோக்கி நன்று, கரைசல்களில்தான் கோளாறு

உயிரியல் படிக்கும் மேல்நிலை மாணவர்களுக்கென்று வரும் செல் ஆய்வுப் பெட்டி ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. உள்ளே ஒரு நுண்ணோக்கி, ஸ்லைடுகள், கவர் ஸ்லிப்புகள், மூன்று சாயங்கள், உணவுச் சத்துச் சோதனைக்கான கரைசல்கள், ஒரு சுருள் டயாலிசிஸ் குழாய், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆல்கஹால், ஒரு கையேடு ஆகியவை இருக்கின்றன. செல்லின் அமைப்பையும் அதன் வேதியியலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கச் செய்வதுதான் இதன் நோக்கம். அந்த நோக்கம் அருமையானது. முதல் பாதி நன்றாகவே கைகூடுகிறது. இரண்டாம் பாதியில் கரைசல்களின் செறிவையும் கையேட்டின் செய்முறையையும் நாமே திருத்திக்கொண்டால் மட்டுமே சரியான விடை கிடைக்கும்.

முதலில் நுண்ணோக்கி. கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு. பொருளருகு லென்ஸ்கள் 4, 10, 40 மடங்கு. ஆக மொத்தம் 40, 100, 400 மடங்கு உருப்பெருக்கம். கண்ணருகு லென்ஸின் மேல் 18 என்ற எண் இருக்கிறது. அதைப் பொருளருகு லென்ஸின் மடங்கால் வகுத்தால் பார்வைப் புலத்தின் விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும்: 4.5, 1.8, 0.45. கையேடு இதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அளவுகோல் வாங்காமலே செல்லை அளக்கலாம். 400 மடங்கில் கன்னத்தின் உட்புறச் செல்கள் புலத்தின் குறுக்கே ஏழெட்டு வரிசையாக நின்றால், ஒரு செல்லின் விட்டம் ஏறத்தாழ 60 மைக்ரோமீட்டர்.

40 மடங்கு லென்ஸின் மேல் 0.65 என்றும் 0.17 என்றும் அச்சிட்டிருக்கிறது. முன்னது ஒளியைச் சேர்க்கும் திறன். இந்த லென்ஸில் அரை மைக்ரோமீட்டருக்கும் நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும் என்பது அதன் பொருள். பெட்டியின் மூடியில் மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகளையும் ரைபோசோம்களையும் அச்சிட்டிருப்பது அதனால்தான் சரியல்ல. ரைபோசோம் 20 முதல் 30 நானோமீட்டர். எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் அதைப் பார்க்க முடியாது. அந்தப் படத்தை நம்பி ஆவலோடு குனியும் மாணவர் ஏமாந்துபோவார். உட்கரு, செல் சுவர், பசுங்கணிகம், பெரிய நுண்குமிழ்ப்பை (செல்லுக்குள் நீர்ச்சாறு நிறைந்த பை), சைட்டோபிளாசத்தின் ஓட்டம் ஆகியவை தெளிவாகத் தெரியும். இந்த விலங்கியல், தாவரவியல் பாடங்களுக்கு அதுவே தாராளம்.

0.17 என்பது கவர் ஸ்லிப்பின் தடிமன், மில்லிமீட்டரில். பெட்டியில் வருபவையோ தடித்த பிளாஸ்டிக் சதுரங்கள். 4, 10 மடங்குகளில் வித்தியாசம் தெரியாது. 40 மடங்கில் விளிம்புகள் பால் பூத்தாற்போல் மங்கும். லென்ஸ்தான் மட்டம் என்று நினைக்கத் தோன்றும். மெல்லிய கண்ணாடிக் கவர் ஸ்லிப் போட்டதும் அதே லென்ஸ் கூர்மையாகிவிடுகிறது. மங்கலுக்கு இன்னொரு காரணமும் அடிக்கடி நேரும்: துளி அதிகமாகிக் கவர் ஸ்லிப்பின் மேல் வழிந்து, 40 மடங்கு லென்ஸின் நுனியை நனைத்துவிடும். லென்ஸ் துடைக்கும் தாளால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். உப்புக் கரைசலோ அயோடினோ காய்ந்து படிந்தால் லென்ஸுக்குக் கேடு.

சாயங்களுக்கு வருவோம். மெத்திலீன் நீலம் 1 சதவீதச் செறிவில் தரப்பட்டிருக்கிறது. கையேடு அதை அப்படியே ஒரு துளி விடச் சொல்கிறது. விட்டால் செல் முழுக்க ஒரே நீலத் திட்டு. உட்கரு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஒரு பங்கு சாயத்துக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து 0.1 சதவீதமாக்கி, இரண்டு நிமிடம் வைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் நீர்த்துளி விட்டு மறு ஓரத்தில் உறிஞ்சுதாளால் இழுத்துவிட்டால், வெளிர் நீலச் செல்லுக்குள் உட்கரு அடர்நீலமாக எழுந்து நிற்கும். இந்தச் சாயம் நேர்மின்னூட்டம் கொண்டது, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டின் பாஸ்பேட் தொகுதிகளிலும் எதிர்மின்னூட்டம் உண்டு. நிறம் உட்கருவில் குவிவதற்கு அதுவே காரணம். சாயமிடுவது என்பதே ஒரு வேதிச் சோதனைதான் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் கையேடு நல்ல வாய்ப்பைக் கோட்டைவிடுகிறது.

சாயமிடாத செல்லைப் பார்க்கும்போது மேடைக்குக் கீழுள்ள ஒளித்தடுப்பைப் பாதிக்கு மேல் மூடுங்கள். முழுக்கத் திறந்து வைத்தால் ஒளி வெள்ளத்தில் செல் கரைந்துபோகும். கருப்பான தடித்த வளையத்தோடு அச்சு வார்த்ததுபோல் வட்டமாகத் தெரிபவை காற்றுக்குமிழ்கள். முதன்முறை பார்ப்பவர்கள் அவற்றைத்தான் செல் என்று வரைகிறார்கள். கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தைத் துளியில் தொடவைத்து, சாய்வாக மெல்ல இறக்கினால் குமிழ் வராது.

பெட்டியிலேயே மிகச் சிறந்த சோதனை பிளாஸ்மா சிதைவு, அதாவது உப்புக் கரைசலில் செல்லின் உட்பகுதி நீரை இழந்து சுவரிலிருந்து விலகிச் சுருங்குவது. வெங்காயத் தோலின் வரைபடத்தில் செல் சுவர், செல் சவ்வு என்று இரண்டு அம்புக்குறிகளைக் கையேடு போட்டிருக்கிறது. நீரில் வைத்த வெங்காயச் செல்லில் சவ்வு சுவரோடு ஒட்டி அழுந்தியிருக்கும். சவ்வின் தடிமன் 10 நானோமீட்டரைக்கூட எட்டாது. அதைத் தனியாகக் காட்ட இந்த லென்ஸால் ஆகாது. சவ்வு இருப்பது கண்ணுக்குத் தெரிய ஒரே வழி, அதைச் சுவரிலிருந்து பிரிப்பதுதான். ஊதா நிற வெங்காயத்தின் வெளிப்புறத் தோலை, நிறம் உள்ள பகுதியாகப் பார்த்து, நகக்கண் அளவு உரித்து எடுங்கள். அதன் ஊதா நிறமி நுண்குமிழ்ப்பைக்குள் கரைந்திருப்பதால் தனியாகச் சாயம் தேவையில்லை. முதலில் நீரில் வைத்து 100 மடங்கில் பாருங்கள்: செல் முழுவதும் ஊதா, மூலை வரை நிரம்பியிருக்கும். பிறகு 100 மில்லி நீரில் 5 கிராம் சமையல் உப்பைக் கரைத்த கரைசலை ஓர் ஓரத்தில் விட்டு மறு ஓரத்தில் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் மூலைகளில் முதலில் நிறம் விலகும். பிறகு ஊதாப் பகுதி முழுவதும் சுருங்கி, வழவழப்பான விளிம்போடு செல்லின் நடுவே திரளும். அந்த விளிம்பில்தான் சவ்வு இருக்கிறது. சுவருக்கும் அதற்கும் நடுவே தெரியும் நிறமற்ற இடத்தில் இருப்பது உப்புக் கரைசல். சுவர் உப்பைத் தடுக்காது, சவ்வு தடுக்கும். ஒரே பார்வைப் புலத்தில் அமைப்பும் வேதியியலும் கைகோத்து நிற்கும் காட்சி இது.

இங்கே கையேடு செய்யும் பெரும்பிழை, இதற்கு மேல் உப்பு கரையாது என்னும் அளவுக்குத் தெவிட்டிய உப்புக் கரைசலை விடச் சொல்வது. 100 மில்லி நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பு கரையும். அவ்வளவு செறிவில் செல் படபடவென்று சுருங்கிச் செத்துப்போகும். 5 சதவீதத்தில் செய்துவிட்டு, உப்பை உறிஞ்சி எடுத்து நல்ல நீரை விட்டால், ஊதாப் பகுதி திரும்ப விரிந்து சுவரை எட்டும். விரிந்தால் செல் உயிரோடு இருக்கிறது, சவ்வு வேலை செய்கிறது. விரியாமல் ஊதா நிறம் வெளியே கசிந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. உயிருள்ள சவ்வுக்கும் செத்த சவ்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காட்டும் இந்த இரண்டாம் கட்டம் கையேட்டில் இல்லவே இல்லை.

டயாலிசிஸ் குழாயைச் ‘செல் சவ்வு மாதிரி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். இது செல்லுலோஸால் ஆனது. பொருளால் பார்த்தால் தாவரச் செல் சுவருக்குத்தான் நெருக்கம். அளவைப் பார்த்து மட்டும் வடிகட்டும்: சிறிய குளுக்கோஸ் வெளியேறும், பெரிய ஸ்டார்ச் தங்கும். உண்மையான சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. குளுக்கோஸ் அதைத் தானாகக் கடக்காது, கடத்திப் புரதம் வேண்டும். சோடியம் அயனி குளுக்கோஸைவிடச் சிறியது; ஆனாலும் கொழுப்பு அடுக்கு அதை விடாது. இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டுச் செய்தால் சோதனை பயனுள்ளது. குழாயை நீரில் ஊறவைத்து, ஒரு முனையைக் கட்டி, ஸ்டார்ச்சும் குளுக்கோஸும் கலந்த கரைசலை ஊற்றி, மறுமுனையைக் கட்டியபின் வெளிப்புறத்தைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் கட்டும்போது சிந்திய குளுக்கோஸே முதல் நிமிடத்தில் சோதனையைக் கெடுத்துவிடும். ஸ்டார்ச்சைக் காட்டும் அயோடினையும் குளுக்கோஸைக் காட்டும் பெனடிக்ட் சோதனையையும் ஒரே பீக்கர் நீரில் செய்யச் சொல்வதும் தவறு; பழுப்பு நீரில் பெனடிக்ட் நிறம் படிக்க வராது. இரண்டு பீக்கர் வையுங்கள்.

உணவுச் சத்துச் சோதனைகளில் பெனடிக்ட் கரைசல் சரியாகவே இருக்கிறது. சம அளவு மாதிரியோடு கலந்து, கொதிநீர் உள்ள பீக்கரில் ஐந்து நிமிடம் வைத்தால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று மாறும். செம்பு அயனி ஒடுக்கமடைந்து செம்பு ஆக்சைடாகப் படிவதே அந்தச் சிவப்பு. ஆனால் ‘சர்க்கரைச் சோதனை’ என்று பொதுவாக எழுதி, மாதிரியாகச் சமையலறைச் சர்க்கரையைக் கையேடு காட்டுகிறது. அது சுக்ரோஸ், ஒடுக்கும் தன்மை அதற்கில்லை, கரைசல் நீலமாகவே நிற்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு கொதிக்கவைத்து, ஆறியபின் சமையல் சோடாவால் நுரைப்பு நிற்கும்வரை நடுநிலையாக்கி, அதன் பிறகே பெனடிக்ட் சேர்க்க வேண்டும்.

புரதத்தைக் கண்டறியும் பையூரெட் சோதனைக்கான செம்பு சல்பேட் தேவையைவிடச் செறிவாக இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த முட்டை வெண்கருக் கரைசலில் இதை நாலைந்து துளி விட்டாலே நீலப் படிவு உண்டாகி ஊதாவை மறைத்துவிடும். 1 சதவீதமாக நீர்த்து, துளித்துளியாக, குலுக்கிக் குலுக்கி விடுங்கள். ஊதா நிறம் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்புகளுக்கு உரியது. தனி அமினோ அமிலம் இந்த நிறத்தைத் தராது. சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணைப் பாதிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி பெட்டியில் இல்லை, கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

டி.என்.ஏ. பிரிக்கும் சோதனைக்கு 70 சதவீத ஆல்கஹால் வைத்திருக்கிறார்கள். பழச்சாற்றின் நீரோடு சேர்ந்ததும் செறிவு மேலும் இறங்கி, நூல்கள் சரியாகத் திரளாது. 95 சதவீத எத்தனாலை நன்றாகக் குளிரவைத்து, குழாயின் பக்கவாட்டில் மெல்ல வழியவிட வேண்டும். சாற்றில் கலக்கும் சோப்பு சவ்வுகளைக் கரைக்கிறது, உப்பின் சோடியம் பாஸ்பேட்டுகளின் மின்னூட்டத்தை அடக்குகிறது, எத்தனாலில் டி.என்.ஏ. கரையாமல் வெளியேறுகிறது. கிடைக்கும் வெண்ணூல் எண்ணற்ற மூலக்கூறுகளின் திரள், புரதமும் ஆர்.என்.ஏ.வும் கலந்தது. அதை 400 மடங்கில் வைத்தால் ‘இரட்டைச் சுருள் தெரியும்’ என்று கையேடு எழுதியிருப்பது முழுத் தவறு. அந்தச் சுருளின் அகலம் 2 நானோமீட்டர்தான்.

ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதம், பாதுகாப்பான செறிவு. ஆனால் நிறமில்லாத புட்டியில் வருகிறது. ஒளி பட்டால் அது மெல்ல நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். பழைய இருப்பாக இருந்தால் பச்சை உருளைக்கிழங்கிலிருந்தும் நுரை வராது. பெராக்சைடைப் பிரிக்கும் கேட்டலேஸ் நொதியே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். புதிய புட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பச்சைத் துண்டு, வேகவைத்து ஆறிய துண்டு இரண்டையும் அருகருகே செய்யுங்கள். பச்சைத் துண்டில் நுரை பொங்கும். வேகவைத்ததில் நொதி சிதைந்துவிட்டதால் பொங்காது. பெட்டி வந்ததும் பெராக்சைடையும் அயோடினையும் பழுப்புப் புட்டிகளுக்கு மாற்றுங்கள். பெராக்சைடு புட்டியின் மூடியை மட்டும் இறுக்கித் திருகாதீர்கள். உள்ளே சேரும் ஆக்சிஜன் வெளியேற இடம் வேண்டும்.