ஜப்பானில் டெபிட்டா, கிரெடிட்டா? நான் டெபிட் பக்கம்

டோக்கியோவுக்கு வந்த புதிதில் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தேன். இல்லை என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது, காரணம் எதுவும் சொல்லவில்லை. வங்கிக் கணக்கோடு டெபிட் கார்டு மட்டும் மறுபேச்சில்லாமல் கிடைத்தது. கடனைத் திருப்பிக் கட்டுவோமா என்று பார்க்கும் 'ஷின்சா' அதற்குக் கிடையாது. இரண்டு வருடம் கழித்து கிரெடிட் கார்டும் வந்துவிட்டது. ஆனாலும் பர்ஸில் எழுத்து தேய்ந்து கிடப்பது டெபிட் கார்டுதான்.

இந்த ஊரில் என்னைப் போன்றவர்கள் குறைவு. 2024-இல் ஜப்பானில் ரொக்கமில்லாமல் நடந்த செலவில் சுமார் 83 சதவீதம் கிரெடிட் கார்டில் போனது, டெபிட்டில் போனது 3 சதவீதம்தான். இத்தனைக்கும் ஏடிஎம் கார்டையே கடையில் நீட்டும் ஜே-டெபிட் 1999-லேயே வந்துவிட்டது, பணம் ஏற்றி வைத்து ரயிலிலும் கடையிலும் தொட்டுச் செலவழிக்கும் சூயிக்கா கார்டுக்கும் முன்னால்.

ஏன் என்பது கல்லாவிலேயே தெரிந்துவிடும். கிரெடிட் கார்டை நீட்டினால் "இக்காய் பராய் தே யோரோஷீ தெஸ் கா?" என்பார்கள். ஒரே தவணைதானே என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றால் வட்டி கிடையாது, குறித்த தேதியில் முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். அதாவது இங்கே பலருக்கு கிரெடிட் கார்டே கொஞ்சம் லேட்டாக எடுக்கும் டெபிட் கார்டு. பாயிண்டும் அதில்தான் அதிகம். 100 யென்னுக்கு 1 யென் தரும் கிரெடிட் கார்டுகள் சாதாரணம். பெரிய வங்கிகளின் டெபிட்டில் பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான். சரி, பாயிண்டில் டெபிட் தோற்றுவிட்டது.

எனக்கு இடித்தது அந்த 'லேட்'தான். என் கிரெடிட் கார்டில் மாதக் கடைசியில் கணக்கை முடித்து, அடுத்த மாதம் 27-ஆம் தேதி பணம் எடுப்பார்கள். அக்டோபர் 1-இல் வாங்கிய அரிசிக்கு நவம்பர் 27-இல் பணம் போகும், 57 நாள் கழித்து. சம்பளம் வருவதோ 25-ஆம் தேதி. நடுவில் இரண்டு நாள் கணக்கைப் பார்த்தால் நான் வசதியானவன் என்றே தோன்றும். அதில் பாதி எப்போதோ சாப்பிட்டுச் செரித்த சோறு. ஒரு நவம்பரில் அந்த மயக்கத்தில் 26-ஆம் தேதி ஊருக்குக் கொஞ்சம் தாராளமாகப் பணம் அனுப்பினேன். மறுநாள் கார்டுக்கு 8,000 யென் துண்டு விழுந்தது. கார்டு முடங்கி, அபராதம் கட்டி, அந்த வாரமெல்லாம் மின்னஞ்சலைத் திறக்கவே கூச்சம்.

டெபிட்டில் இந்தக் கதை இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் முட்டையைப் பையில் வைப்பதற்குள் போன் அதிரும்: 1,284 யென் போனது, மீதி இவ்வளவு. ஜப்பானிய வீடுகளில் 'காகேபோ' என்று வரவு செலவு நோட்டு எழுதும் பழக்கம் உண்டு. நானும் ஒன்று வாங்கினேன், நான்கு பக்கம் எழுதியதோடு சரி. இப்போது பாஸ்புக்கே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

போனில் கியூஆர் கோடு வழியாகப் பணம் கட்டும் பேபேயையும், சூயிக்காவையும் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. சூயிக்காவில் 20,000 யென்னுக்கு மேல் ஏற்ற முடியாது. ரயிலுக்கும் ஓனிகிரி என்ற சோற்று உருண்டைக்கும் அது போதும்.

டெபிட் படுத்தும் இடங்களும் உண்டு. கியோட்டோவில் ஒரு விடுதியில் தேதியை மாற்றியபோது, பழைய தொகை திரும்பாமலே புதியதையும் எடுத்துவிட்டார்கள். முதலில் போனது திரும்பி வர மூன்று வாரம் ஆனது. கிரெடிட்டில் இப்படி நடந்தால் லிமிட் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டெபிட்டில் சொந்தப் பணமே மாட்டிக்கொள்ளும். வங்கியின் பராமரிப்பு நேரத்தில் நள்ளிரவில் நீட்டினால் கார்டு வேலை செய்யாது. நெடுஞ்சாலைச் சுங்கத்துக்கும் சில பெட்ரோல் பங்க்குகளுக்கும் ஆகாது என்று கார் வைத்திருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். என்னிடம் சைக்கிள்தான் இருக்கிறது.

மாதாமாதம் கட்டும் பில்லுக்கு டெபிட்டை ஏற்காத இடங்களும் இருக்கின்றன. என் மொபைல் நிறுவனம் அதில் ஒன்று. அதனால் போன், கரண்ட் இரண்டையும் கிரெடிட்டில் போட்டுவிட்டேன். இரண்டும் சேர்ந்து 12,000 யென் வரும். 27-ஆம் தேதிக்கு அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.